ஒரே ஹால், மூன்று வகுப்பு: இரைச்சலை அடக்கச் செய்த வேலைகள்

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். நீளம் 40 அடி, அகலம் 20 அடி, உயரம் பத்தரை அடி. செங்கல் சுவர், மேலே குறுக்கே பீம் ஓடும் கான்கிரீட் கூரைத்தளம், முன்பக்கம் ஒரு வராந்தா. இரண்டு நீளச் சுவரிலும் மூன்று மூன்று ஜன்னல், ஒவ்வொன்றும் நாலுக்கு நாலு. இவ்வளவுதான் பள்ளிக்கூடம். சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் தாண்டி, சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 92 பிள்ளைகள் படிக்கிறார்கள்.

முன்பு இன்னொரு ஓட்டுக் கட்டடமும் இருந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைச் சோதித்தார்கள். இங்கே ஓட்டுக் கட்டடத்தில் கூரையின் வளைமரம் உளுத்து, சுவர் வெளியே தள்ளியிருந்தது. இடித்தது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இடித்த வேகம் கட்டுவதில் வரவில்லை. பிள்ளைகள் மொத்தப் பேரும் இந்த ஹாலுக்கு வந்து சேர்ந்தார்கள்: உள்ளே இரண்டு பகுதி, மூன்றாம் வகுப்பு வராந்தாவில், மழை பலமானால் அதுவும் உள்ளே.

நான் உடையாப்பட்டி பக்கம் கிரில், கேட், ஷட்டர் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு. அந்த வகையில் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. நம் ஆட்களில் பலர் அதைக் கையெழுத்துப் போடுகிற வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தின் கணக்கையும் இங்கேயே வைத்துவிடலாம். 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஒவ்வோர் ஆசிரியருக்கும் குறைந்தது ஒரு வகுப்பறை, அதுபோகத் தலைமையாசிரியருக்கு ஓர் அறை. எங்களுக்கு 4 பணியிடம், அதில் ஒன்று காலி. காகிதத்தில் 23 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஹாலுக்குள் நின்று பார்த்தால் ஒரே கூரையின் கீழ் மூன்று டீச்சர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், 92 பிள்ளைகள் மூவரையும் கேட்கிறார்கள். ஆசிரியர் விகிதக் கணக்கு அறையைப் பார்ப்பதில்லை.

குழுக் கூட்டத்தில் எல்லோரும் இட நெருக்கடியைத்தான் பேசினார்கள். 800 சதுர அடியை 92ஆல் வகுத்தால் தலைக்கு எட்டே முக்கால் சதுர அடிகூட இல்லை, நெருக்கடிதான். ஆனால் ஒரு காலை முழுக்கப் பின்சுவரோரம் உட்கார்ந்து பார்த்தேன். என் கண்ணுக்கு இடத்தைவிடப் பெரிய தொந்தரவாகப் பட்டது சத்தம். ஒன்றாம் வகுப்பு டீச்சர் சொல்வதை எழுதச் சொல்கிறார். ‘மலை’ என்கிறார், அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கிறது, பாதிப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள். காப்பி அடிக்கிறார்கள் என்று திட்டு விழுகிறது. காதில் விழுந்தால்தானே எழுதுவார்கள்? ல, ள, ழ வேறுபாடெல்லாம் மெல்லிய ஒலி. உயிரெழுத்து உரக்கக் கேட்கும், மெய்யெழுத்துதான் இரைச்சலில் முதலில் கரையும். பெரியவர்கள் நாம் பாதி கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வோம். இப்போதுதான் சொற்களையே கற்கிற ஆறு வயதுப் பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

ஆள் கூடிய அறையில் சத்தம் தானாக ஏறும். ஒருவர் குரலை உயர்த்தினால் அடுத்தவர் தன்னை அறியாமலே உயர்த்துவார். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை எழுதிவைத்தார், இன்றைக்கும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். எங்கள் ஹாலில் அது கண்கூடு. பத்து மணிக்கு மூவரும் சாதாரணமாகப் பேசத் தொடங்குவார்கள், பதினொன்றுக்கு மூவரும் கத்திக்கொண்டிருப்பார்கள். தலைமையாசிரியருக்குத் தொண்டை கட்டியபடியே பாதி வருடம் போகிறது. போன் செயலியில் சத்தத்தை அளந்து பார்த்தபோது 75 டெசிபெலைத் தாண்டியே நின்றது. போன் துல்லியமான கருவி இல்லை, பத்து முன்னே பின்னே இருந்தாலும் கதை மாறாது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபெலுக்குள்ளும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 வினாடி அளவிலும் இருக்க வேண்டும் என்கிறது.

இந்த எதிரொலி நேரம்தான் நமக்குக் கைக்கு எட்டுகிற விஷயம். பிள்ளைகளை வாயை மூடச் சொல்ல முடியாது, மூடவும் கூடாது. சுவரை மாற்றலாம். அமெரிக்காவில் வாலஸ் சாபின் என்பவர் 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை என்ற புகாரைச் சரிசெய்யப் போய், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்கி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். எளிதான கணக்கு. அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கு, அறைக்குள் சத்தத்தை விழுங்கும் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து அதனால் வகு, வருவது வினாடி.

எங்கள் ஹால் 238 கன மீட்டர். 0.161ஆல் பெருக்கினால் 38. இனி விழுங்கும் பரப்பு. பூசிய சுவர், தளம், சிமெண்ட் தரை எல்லாம் சேர்ந்து 266 சதுர மீட்டர், ஆனால் இவை நூற்றுக்கு மூன்று பங்கு சத்தத்தைத்தான் விழுங்கும், மீதியைத் திருப்பி அடிக்கும். ஆக 8. திறந்த ஜன்னல் போன சத்தத்தைத் திருப்பித் தராது, அது முழுசாகக் கணக்கில் வரும், 9. கூட்டினால் 17, காலி ஹாலில் இரண்டே கால் வினாடி. பலூனை ஊசியால் குத்தி வெடித்துப் போனில் பதிந்து பார்த்தோம், இரண்டுக்கு மேல் வந்தது. பலூன் வெடிக்கும் வேலைக்குப் பிள்ளைகளிடமிருந்து ஆள் குறைவே இல்லை. பிள்ளைகள் உடம்பும் சத்தத்தை விழுங்கும், தலைக்குக் கால் சதுர மீட்டர் என்று போட்டால் 92 பேருக்கு 23. மழை நாளில் எல்லோரும் உள்ளே இருந்தால் மொத்தம் 40, நேரம் ஒரு வினாடியை ஒட்டி. 0.6க்கு வர இன்னும் 24 சதுர மீட்டராவது வேண்டும்.

எதை வைப்பது என்பதில்தான் ஊரே பொறியாளர் ஆகிவிட்டது. நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை, சினிமா ஸ்டுடியோவில் அதைத்தான் ஒட்டுவார்கள், சும்மாவே கொண்டுவந்து தருகிறேன் என்றார் ஒருவர். முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ், கீச்சென்ற சத்தத்தைக் கொஞ்சம் உடைக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. தெர்மோகோல் அதைவிட மோசம், அதில் காற்று உள்ளே போக வழியே இல்லை, சத்தத்தை விழுங்காது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய சாக்கு மலிவு, நாலு மடிப்பாக மடித்துத் தொங்கவிடலாம் என்றார் இன்னொருவர். சாக்கு உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் மூன்றுமே எரியும்.

இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. சத்துணவுக்கூடம் எங்கள் ஹாலின் பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலறையில் தொடங்கிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றை அகற்றியது மாநிலம். கீற்றை வெளியே அனுப்பிவிட்டுச் சாக்கை உள்ளே தொங்கவிடுவதா? சாக்கு கொடுக்க முன்வந்தவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். அவரிடம் பணமாக வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் ராக் வூல் என்று முடிவானது. பாறையை உருக்கி நூலாக இழுத்து அட்டையாக அமுக்கியது, எரியாது. பாய்லர், ஏசி வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த சரக்கு, சேலத்தில் இன்சுலேஷன் கடைகளில் கிடைக்கிறது. 50 மில்லிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 64 கிலோ அடர்த்தி, ஓர் அட்டை 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர். பேச்சுக்குரலின் அலைவரிசையில் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து பங்கு விழுங்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஓர் அட்டை 0.72 சதுர மீட்டர். 40 அட்டைக்கு 28.8, அதில் 85 சதவீதம் 24 சொச்சம். கணக்கு நேராக வந்து உட்கார்ந்தது.

ஆனால் எதையும் மாட்டுவதற்கு முன் தளத்தைப் பார்க்க வேண்டும். நனைந்த ராக் வூல் சத்தத்தையும் விழுங்காது, ஒன்றுக்கும் ஆகாது. பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். சுத்தியலோடு ஏணியில் ஏறித் தளத்தின் அடியை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும், காரை விட்ட இடம் பொத்தென்று சொல்லும். தெற்கு மூலையில் மூன்றடிக்கு நாலடி அளவில் பொத்து. உதிர்த்துப் பார்த்தால் கம்பி துருவேறி உப்பியிருந்தது.

“கம்பி இன்னும் பாதிக்கு மேல உயிரோட இருக்கு. ஆனா மேல ஓட்டை அடைக்காம கீழ பூசினா அடுத்த ஐப்பசிக்கே விழுந்துரும்” என்றார்.

மேலே ஏறினால் காரணம் கிடைத்தது. தட்டோடு பதித்த தளம், இணைப்புகளில் சுண்ணாம்பு போய்ச் செடி முளைத்திருந்தது. மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலைச் சருகும் ஒரு ரப்பர் பந்தும். மூலையில் தண்ணீர் குளமாக நின்ற கறை. மேஸ்திரி இணைப்பையெல்லாம் சுரண்டி நீர்க்கசிவு தடுக்கும் கலவையைச் சேர்த்துப் புதுசாக அடைத்தார், மூலையில் சரிவு எடுத்துக் கொடுத்தார், குழாய் வாய்க்கு நான் வலைக்கூண்டு ஒன்று அடித்து மாட்டினேன். கீழே துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் சேர்த்த கலவையால் பூசினோம். தளத்தில் ஓட்டை போட்டு எதையும் தொங்கவிடக் கூடாது என்று பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எல்லாம் சுவரில்தான்.

அனுமதி விஷயம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். ஆசிரியர்கள் கல்வித்துறையின் கீழ், கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் கீழ். ஒரு மேசையில் கேட்டால் இன்னொரு மேசையைக் காட்டுவார்கள். சுவரை இடிக்கவில்லை, தளத்தில் ஓட்டை போடவில்லை, போல்ட் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று படம் வரைந்து கொடுத்த பிறகுதான் தலையசைத்தார்கள். குழுத் தீர்மானம் எழுதும்போது ஒரு வரியை நான் வற்புறுத்திச் சேர்த்தேன்: ‘இது தற்காலிக ஏற்பாடு, கூடுதல் வகுப்பறைக் கோரிக்கை தொடர்கிறது.’ தலைமையாசிரியர் தயங்கினார், வாக்குவாதம் போலத் தெரியுமே என்று. ஆனால் நம் ஊரில் ஒட்டுப்போட்ட செருப்புக்குப் புதுச் செருப்பு வாங்கித்தர மாட்டார்கள். தடுப்பு வைத்தாயிற்று, இரண்டு அறை ஆயிற்று என்று யாராவது கோப்பில் எழுதிவிட்டால் கதை முடிந்தது. 2022இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் கட்டடம் வரும் பள்ளிகளைப் பார்க்கிறோம். வரிசையில் எங்கள் பெயர் நிற்க வேண்டும், அதை என் ராக் வூல் தள்ளிவிடக் கூடாது.

பணம். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குப் போக வேண்டும், மீதியில் சாக்பீஸ் முதல் பல்பு வரை. அதிலிருந்து தளத்து வேலைக்குக் கொஞ்சம்தான் எடுக்க முடிந்தது. மீதி முன்னாள் மாணவர்கள், கடைக்காரர்கள், மில் வேலைக்குப் போகும் பெற்றோர் கொடுத்தது. என் பட்டறைக் கூலியை விட்டுவிட்டால் சரக்குக்கு மட்டும் 50,000 ரூபாயை ஒட்டி வந்தது.

இனி வேலை. கோடை விடுமுறையில் தொடங்கினோம்.

பேனல் செய்வது சுலபம். மெல்லிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சானலை 1.2க்கு 0.6 சட்டமாக வெட்டி ரிவெட் அடித்தோம். வெல்டிங் செய்தால் ஜி.ஐ. பூச்சு கருகித் துருப்பிடிக்கும். அட்டையைக் கண்ணாடி இழைத் துணியால் முழுக்கச் சுற்றி, மடிப்பைப் பின்பக்கம் தள்ளிச் சட்டத்துக்குள் வைத்து, முன்னால் கோழிவலை. இந்தச் சுற்றும் வேலையில் சோம்பல் கூடாது. ராக் வூல் இழை தோலில் பட்டால் அரிப்பு பின்னிவிடும், பிள்ளைகள் இருக்கும் அறையில் ஓரிழைகூட உதிரக் கூடாது. வெட்டுவதும் சுற்றுவதும் எல்லாம் பட்டறையிலேயே, முழுக்கைச் சட்டை, முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு. பள்ளிக்கு வந்தது மூடிய பேனல் மட்டும். ஒன்று ஆறு கிலோ இருக்கும்.

சுவரில் ஆறடிக்கு மேல், ஜன்னல்களுக்கு இடைப்பட்ட இடங்களில், நட்டுக்குத்தாக. பழைய பூச்சு பல இடங்களில் சுவரை விட்டுப் பிரிந்திருந்ததால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் ராவல் பிளக்கைப் பூச்சு தாண்டிச் செங்கல்லுக்குள் இறக்க வேண்டும். மூன்று அங்குல ஸ்க்ரூ, பேனலுக்கு நாலு. சுவருக்கும் பேனலுக்கும் இடையில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டோம். அந்தக் காற்று இடைவெளி கனமான குரலையும் விழுங்க உதவும். ஆனால் மலையடிவாரத்தில் இரண்டு அங்குல இருட்டுச் சந்து கிடைத்தால் குளவி கூடு கட்டும், பல்லி குடும்பம் நடத்தும். நாலு ஓரத்தையும் கொசுவலைத் தகட்டால் அடைத்தோம்.

பேனலுக்குப் பெயின்ட் அடிக்கலாமா, பொம்மை வரையலாமா என்று டீச்சர்கள் கேட்டார்கள். வெள்ளைத் துணியாக மொட்டையாக இருக்கிறது, ஆஸ்பத்திரி மாதிரி என்றார்கள். பெயின்ட் அடித்தால் துணியின் கண் அடைந்துவிடும், பிறகு அதுவும் சுவர்தான். அதற்குப் பதிலாகப் பேனல்களுக்குக் கீழே கம்பி இழுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே கற்கும் செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தில் பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிட ‘கம்பிப்பந்தல்’ கட்டியிருந்தார்கள், அதன் கொக்கிகள் இன்னும் சுவரில் இருந்தன. 2007–08இல் அந்த முறை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபோது சுவரோரம் தாழ்வாக, பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில் கரும்பலகை பட்டையாகப் பூசினார்கள். முறை மாறிவிட்டது, இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடக்கிறது. ஆனால் அந்தக் கீழ்மட்டப் பலகை மாதிரி நெருக்கடியான அறைக்கு உபயோகமான ஒன்றை நான் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே பலகையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வதற்குப் பதில் சுவரோரம் திரும்பி எழுதினால் பாதிச் சத்தம் குறைகிறது. அதைச் சுரண்டிப் புதுசாகப் பச்சை பூசினோம். மலிவான வேலை, டீச்சர்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம் தடுப்பு. நடுப் பீமுக்குக் கீழே, ஹாலைக் குறுக்காகப் பிரிப்பது. உயரம் ஏழடி. தளம் வரை ஏன் போகவில்லை என்று பலர் கேட்டார்கள். தளத்தில் பாரமும் பிடிமானமும் கூடாது, அது ஒன்று. தேர்தல் வந்தால் இந்த ஹால்தான் வாக்குச்சாவடி, அன்றைக்குத் தடுப்பு இருக்கக் கூடாது, கழற்ற வேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டம், தரையில் அடித்தட்டு, சுவரில் ஆங்கிள், மேலே சுவருக்குச் சுவர் ஒரு குறுக்குப் பைப். எல்லாம் 10 மில்லிமீட்டர் போல்ட். நாலு பேர் ஸ்பேனரோடு வந்தால் ஒரு மதியத்தில் ஹால் பழையபடி ஆகிவிடும்.

தடுப்பு கனமாக இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட்டோ திரைச்சீலையோ கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. எடை இரட்டித்தால்தான் ஊடுருவும் சத்தம் ஒரு படி இறங்கும். இரண்டு பக்கமும் சிமெண்ட் ஃபைபர் போர்டு, நடுவில் மிச்சமிருந்த ராக் வூல். போர்டு வாங்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று கேட்டு, அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட் நம் நாட்டில் இன்னும் விற்பனையில் இருக்கிறது, பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஏழடிக்கு மேல் திறந்திருப்பதால் சத்தம் தாண்டி வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முன்பு தாண்டிய சத்தம் மேல் சுவரில் மோதி நாலா பக்கமும் சுற்றியது. இப்போது மோதும் இடத்தில் பேனல் இருக்கிறது. தடுப்பும் பேனலும் சேர்ந்தால்தான் பலன். தடுப்பு மட்டும் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று கைவிட்ட பள்ளிகள் உண்டு.

இன்னொன்று, ஒரு ரூபாய் செலவில்லாதது. முன்பு கரும்பலகை இரண்டு கோடியிலும் இருந்தது. டீச்சர் கோடியில் நின்று நடு ஹாலைப் பார்த்துப் பேசுவார், குரல் நேராக அடுத்த வகுப்பின் முதுகுக்குப் போகும். பெரிய பலகைகளைக் கழற்றித் தடுப்பின் இரு முகத்திலும் மாட்டினோம். இப்போது இரண்டு டீச்சரும் தடுப்புக்கு இரு பக்கமும் முதுகோடு முதுகாக நிற்கிறார்கள், குரல் எதிரெதிர்த் திசையில் போகிறது. கடைசி வரிசைக்கும் டீச்சருக்கும் உள்ள தூரம் இருபது அடிக்குள் வந்துவிட்டது. தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் கூடும். நாலு போல்ட் மாற்றியதற்கு இது பெரிய கூலி.

கதவு. முன்கதவு ஒரு பாதிக்குள் மட்டும்தான் திறக்கும். மற்றப் பாதியின் பின்கதவை உடைந்த பெஞ்சும் பழைய பாடநூல் கட்டும் அடைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சாமானைக் காலி செய்யாமல் தடுப்பை நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றி, வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிப் பூட்டு மட்டும் வைத்தோம். பகலில் அது பூட்டப்படக் கூடாது. தடுப்பின் ஓரத்திலும் மூன்றடி வழி விட்டிருக்கிறது, எந்தப் பாதியில் இருந்தாலும் இரண்டு வழி இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தச் சந்து வழியாகச் சத்தம் வருகிறதுதான், அதற்கு எதிரே ஒரு மறைப்புத் தட்டி நிறுத்திச் சமாளித்தோம்.

மூன்றாம் வகுப்பு வராந்தாவில். மேற்குப் பார்த்தது, மதியம் வெயில், மாலை சாரல். மேல் பாதிக்கு மட்டும் சாய்வுத் தகடுகள் அடித்துக் கொடுத்தேன், கீழே திறந்தபடி. சாரல் நின்றது, வெயில் குறைந்தது, சத்தத்துக்கு அது ஒன்றும் செய்யாது. மின்விசிறிகளில் புஷ் தேய்ந்து கடகடத்தவற்றுக்கு ரப்பர் புஷ்ஷும் கெப்பாசிட்டரும் மாற்றினோம், காசு கம்மி, அமைதி நிறைய.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு அளந்ததைச் சொல்கிறேன். காலி ஹாலில் பலூன் சத்தம் ஒரு வினாடிக்குள் அடங்குகிறது, கணக்கு 0.9 சொன்னது. பிள்ளைகள் நிறைந்திருக்கும்போது பலூன் வெடித்து அளக்க முடியாது, ரகளையாகிவிடும். பாடம் நடக்கையில் போன் காட்டுவது அறுபதுகளில். 35க்கும் அதற்கும் இன்னும் வெகுதூரம், ஆனால் டீச்சர்கள் கத்தவில்லை. கத்தாததால் அடுத்தவரும் கத்தவில்லை. அந்த லொம்பார் சங்கதி தலைகீழாகவும் வேலை செய்கிறது என்பது எனக்கே புதுசு. ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் சொல்வதை எழுதுதல் எப்படிப் போகிறது என்று கேட்டேன். “முன்னாடி ரெண்டு வரிசை சரியா எழுதும், இப்ப அஞ்சாவது வரிசையிலயும் தப்பு அவங்க சொந்தத் தப்பா வருதுங்க” என்றார்.

தீராதவையும் உண்டு. வராந்தா வகுப்புக்கு எதுவும் மாறவில்லை, மழை பலமாக வந்தால் அவர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள், அன்றைக்கு ஹால் பழைய ஹால்தான். நாலாவது ஆசிரியர் இன்னும் வரவில்லை. தலைமையாசிரியருக்கு அறை இல்லை, பதிவேடு பீரோவெல்லாம் நாலு, ஐந்தாம் வகுப்புப் பக்கம் நிற்கிறது, இடத்தையும் அது தின்கிறது. ராக் வூல் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்காது.

செய்ய நினைப்பவர்களுக்குப் பராமரிப்பு பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு கோடையிலும் பேனல் துணி எங்காவது கிழிந்திருக்கிறதா என்று ஏணி போட்டுப் பாருங்கள். கிழிந்திருந்தால் அந்தப் பேனலை அப்படியே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சுற்ற வேண்டும், அங்கேயே ஒட்டுப் போடக் கூடாது. எங்களிடம் ஏற்கெனவே ஒன்று பந்து பட்டுக் கிழிந்தது, யார் அடித்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தளத்துக் குழாய் வாயை ஐப்பசிக்கு முன் ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். தடுப்பின் போல்ட்டுகளை வருடம் ஒரு முறை தளர்த்தி, கிரீஸ் வைத்து மீண்டும் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்தல் அன்று துருப்பிடித்து வராது. இரண்டு ஸ்பேனரும் அளவுப் படமும் தலைமையாசிரியர் பீரோவின் மேல் தட்டில் இருக்கின்றன, தீர்மான நகலும் அதே கோப்பில்தான்.